அப்பிரதட்சிணம்: மயிலாப்பூர் சிங்க்கில் நீர் சுழலும் திசை குறித்து ஓர் ஆய்வு

மயிலாப்பூரில் சுற்றுவதெல்லாம் வலமாகவே சுற்றும். பங்குனியில் கபாலீசுவரரே மாட வீதிகளை வலம் வருகிறார். பிராகாரத்தில் மற்றவர்களும் அப்படித்தான். இந்த ஒழுங்கைத் துணிந்து மீறுபவை இரண்டு: வங்காள விரிகுடாவிலிருந்து வரும் புயலும், சமையலறை சிங்க்கில் வடியும் தண்ணீரும். இரண்டும் இடமாகச் சுழல்வதற்குக் காரணம் ஒன்றே என்று திண்ணைக் கல்வியாளர்கள் கூறுவர். கொரியோலிஸ் விசை என்று அதற்குப் பெயரும் சொல்வர். புயலுக்குப் பூமி பொறுப்பு, சிங்க்குக்குப் பிளம்பர் பொறுப்பு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் புயல். சுழலும் அமைப்புகளுக்காகப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கொரியோலிஸ் 1835இல் போட்ட கணக்கைப் பூமிக்குப் பொருத்தினால், அதன் வட பாதியில் ஓடுகிற எதுவும் தன் வலப்பக்கம் ஒதுங்கும். வலப்பக்கம் ஒதுங்குவது எப்படி இடஞ்சுழியாகும் என்ற ஆட்சேபம் நியாயமானது. தாழ்வழுத்த மையத்தைத் தரிசிக்க ஓடிவரும் காற்று வலப்புறம் விலகிப்போவதால் மையம் அதன் இடக்கைப் பக்கம் வந்துவிடுகிறது. பக்தருக்குச் சன்னிதி வலக்கைப் பக்கம், காற்றுக்கு இடக்கைப் பக்கம். ஆகவே புயல் செய்வது அப்பிரதட்சிணம். கிழக்கிலிருந்து வரும் புயலின் கண் ஒரு தெருவைக் கடக்கும்போது முதலில் வடக்குக் காற்று அடிக்கும், நடுவே அமைதி, பிறகு தெற்கிலிருந்து அடிக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, அந்த அமைதியை நம்பி வெளியே வருவது எத்தனை ஆபத்து என்பது புரிந்தது.

சென்னை இருப்பது வடக்கே 13 பாகையில். இங்கே தடையின்றி ஓடும் காற்றைப் பூமி ஒரு முழுச் சுற்றுத் திருப்ப ஏறத்தாழ 53 மணி நேரம் ஆகும். மதியம் மெரினாவில் ஏறும் கடற்காற்று கிழக்கிலிருந்து புறப்பட்டு, லஸ்ஸைத் தாண்டிப் பனகல் பார்க் பக்கம் சேர்ந்து, மாலைக்குள் தென்கிழக்குக் காற்றாகிவிடுவது இந்தக் கணக்குக்கு ஒத்தே வருகிறது: ஆறு மணி நேரத்துக்குச் சுமார் 40 பாகை. சிங்க்கோ அரை நிமிடத்தில் காலியாகிறது. அதற்குள் பூமி திருப்புவது ஒரு பாகையில் பதினெட்டில் ஒரு பங்கு. அதைவிட, சாம்பார்க் கிண்ணம் கழுவிய கையின் வேகம் பெரிது.

‘எங்கள் வீட்டில் தினமும் இடமாகத்தானே சுற்றுகிறது?’ என்பார்கள். சுற்றும், குழாய் தினமும் அதே மூலையில்தானே நிற்கிறது, தொட்டியும் அதே பக்கம்தானே சாய்ந்திருக்கிறது! சிங்க்கிலும் பூமியின் கையைக் காண முடியும் என்று 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆஷர் ஷபீரோ காட்டியது உண்மை. ஆனால் அவர் ஆறடி அகலத் தொட்டியில் நீரை நிரப்பி, 24 மணி நேரம் அசையாமல் விட்டு, பிறகே அடைப்பைத் திறந்தார். ஒரு தொட்டித் தண்ணீரை ஒரு நாள் முழுக்கச் சும்மா வைத்திருந்து, பிறகு வேடிக்கை பார்க்க வடித்துவிடுவதை, 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற ஊர் விஞ்ஞானமாக ஏற்காது. மாற்றுச் சோதனை எளிது: ஜாலியருகே சுழலும் கறிவேப்பிலை ஒன்றைக் கவனித்துவிட்டு, குழாயின் மூக்கை மறுமூலைக்குத் திருப்பித் திறந்தால், பெரும்பாலும் அதே இலை பிரதட்சிணமாகப் போகிறது. பூமி தன் சுழற்சியை மாற்றிக்கொண்டதாகச் செய்தி எதுவும் இல்லை.