ஒற்றுமைப் படக்காரர்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், வந்துவிடுவார். பேசின் பிரிட்ஜ் பக்கம் எந்தத் தொடக்கப்பள்ளி டீச்சரிடம் சொன்னாலும் "ஐயோ, அவரா?" என்பார்கள். தோளில் கேமரா, நெஞ்சு நிறைய தேசிய ஒருமைப்பாடு.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு படம். எல்லா மதமும் எல்லா மாநிலமும் கைகோத்துச் சிரிக்க வேண்டும். ஆளுக்கு இங்கே பஞ்சமில்லை. ரயில்வே வேலைக்கு வந்த ஆந்திராக்காரர் பேரன், 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறியவரின் கொள்ளுப்பேத்தி, புளியந்தோப்பு உருது வீட்டுப் பையன், கட்டட வேலைக்கு வந்த பீகார்க்காரர் மகன் எல்லாம் ஒரே வகுப்பு. ஆனால் ஒரே சீருடை. அங்கேதான் அவருக்கு வம்பு.

"நீ எந்த ஊரு கண்ணா?"

"பட்டாளம் சார்."

"சொந்த ஊரு?"

"அதான் சார், பட்டாளம்."

பீகார்ப் பொடியனிடம் இந்தியில் பேர் கேட்டார். "இன்னா சார் கேக்குற?" என்றான் அவன்.

வித்தியாசம் தெரியக் கூடாது என்றுதான் சீருடையே வந்தது. இவரோ பை நிறைய வித்தியாசத்தோடு வருவார்: குல்லா, சிலுவை டாலர், விபூதிப் பொட்டலம், தலைப்பாகைக்கு ஆரஞ்சுத் துணி. போன வருஷம் உருது வீட்டுப் பையனையே ஓரங்கட்டிவிட்டார். "முகத்துல தெரியலையே மிஸ்!" குல்லா தெலுங்குப் பையன் தலைக்குப் போனது, ஓரங்கட்டப்பட்டவன் நெற்றிக்குப் பட்டை வந்தது. சர்தார்ஜி எங்கள் பள்ளியில் கிடையாது. அதற்காக விடுவாரா? ஞாயிறு பூசைக்குத் தவறாத பையன் தலையில் ஆரஞ்சுத் துணியைச் சுற்றினார். மிஞ்சிய சிலுவை, வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் கோயிலில் கூழுக்கு நிற்கும் பர்மாக் கொள்ளுப்பேத்தி கழுத்தில். படத்தில் எல்லா மதமும் இருந்தது, ஒன்றுகூட அதனதன் இடத்தில் இல்லை. யோசித்தால், இதைவிடப் பெரிய ஒருமைப்பாடு ஏது?

கெட்ட மனுஷர் இல்லை. மூக்கு ஒழுகும் பொடிசுக்குத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துவிடுவார். துடைத்த கையோடு ஒரு கிளிக்.

ஆனால் அந்த ஒரு படத்துக்காகச் சத்துணவுச் சாதம் ஆறிப்போகிறது. வெயிலில் நின்ற பிள்ளைக்குத் தலை வலிக்கிறது. பெற்றோரை ஒரு வார்த்தை கேட்டாரா? 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம். படம் காலண்டரில் வருகிறதோ கண்காட்சியில் தொங்குகிறதோ, எங்களுக்குத் தெரியாது. "எனக்கு ஒரு காப்பி சார்?" என்று கேட்கிற பிள்ளைக்கெல்லாம் "அனுப்பறேன்டா செல்லம்" என்பதோடு சரி.

பழைய குரூப் போட்டோ ஸ்டுடியோக்காரர் மதம் பார்த்ததில்லை, உயரம்தான் பார்த்தார். காசு வாங்கினார், அட்டையில் ஒட்டிக் கீழே பேர் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். இவர் அடுத்த ஆகஸ்டில் வரட்டும். பழைய படங்களைத் தலைக்கு ஒன்றாக எண்ணி மேசைமேல் வைத்துவிட்டு, அப்புறம் கேமராவைத் திறக்கட்டும்.