பெருவிமான வேகத்தணிப்பியல்: ஓர் அறிமுக ஆய்வு

போயிங் 747-400 விமானத்தைக் கணினித் திரையில் தரையிறக்குவோர் அதன் வேகத்தை எங்ஙனம் தணிக்கின்றனர் என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருள். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 1982-இல் வெளிவந்தது. இதுகாறும் இத்துறையில் தமிழாய்வு எதுவும் நிகழவில்லை எனத் துணியலாம். தேடிப் பார்க்கவில்லை, ஆயினும் 'இதுவே முதலாய்வு' என்று சொல்லாத ஆய்வேடு உண்டா?

தணிக்கும் வழிகள் ஐந்து என்மனார் புலவர். எந்தப் புலவர் என்று வினவுவது மரபன்று.

1. த்ராட்டில் இழுத்தல். போதாது.

2. ஃபிளாப் விரித்தல். 1-ஆம் நிலைக்கு 280 நாட் (knot, வேக அலகு), 5-க்கு 260, 10-க்கு 240, 20-க்கு 230, 25-க்கு 205, 30-க்கு 180 என்பன உச்சவரம்புகள். மனனம் செய்தோர் பலர்; மதித்தோர் சிலர்.

3. ஸ்பீடு பிரேக். இறக்கைமேல் பலகைகள் எழும். மடக்க மறத்தல் இதன் உட்பிரிவு.

4. சக்கரம் இறக்கல். 270 நாட்டுக்குள்.

5. காலூன்றல். மேசைக்கடியில் பெடல் கிடையாது. இருந்தும் 3,000 அடியில் 240 நாட் என்று கண்டதும் வலக்கால் தானே நீண்டு தரையை அழுத்துகிறது. இது விரலூன்றல், குதியூன்றல் என இருவகைப்படும். விரலூன்றலே தொன்மையானது என்பர் ஒருசாரார் (என் மனைவி, வாய்மொழித் தரவு, காரின் முன்னிருக்கை, லாரிக்குப் பின்னால்). குதியே முந்தியது என்பர் மறுசாரார் (என் மாமனார், நேர்காணல், திண்ணை; காபி வந்ததால் முற்றுப்பெறவில்லை). இரண்டையும் மறுத்து, செருப்பணிந்த நிலை, அணியாநிலை என்ற பாகுபாட்டைப் புகுத்தியது மூன்றாம் கட்சி (என் மகள், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம், பென்சில் ஓரக்குறிப்பு, பாதி அழிந்துபோனது, விடுபட்ட சொற்களும் அவற்றுக்கான உரையும் என்னுடையவை). எவ்வகை ஊன்றலாலும் வேகம் ஒரு நாட்டும் குறையவில்லை. ஆகவே மேலாய்வு தேவை. மேலாய்வுக்கு நிதி தேவை.

வேகம் ஏன் குறைவதில்லை? 250 நாட்டிலிருந்து 150-க்கு வர, இயக்க ஆற்றலில் 64 விழுக்காட்டைக் காற்றில் கரைத்தாக வேண்டும். வழவழப்பான அந்த உடலைக் காற்று எளிதில் பிடித்து நிறுத்தாது. இறங்க இறங்க, இழந்த உயரமும் வேகமாக மாறப் பார்க்கும். இறங்கு என்றால் இறங்கும், குறை என்றால் குறையும். இரண்டையும் ஒருசேரக் கேட்டால் முரண்டு பிடிக்கும். அதனால்தான் விமானிகள் 1,000 அடி இறங்க 3 கடல் மைல், மட்டமாகப் பறந்து 10 நாட் குறைக்க ஏறத்தாழ 1 கடல் மைல் என்று முன்கூட்டியே மனக்கணக்குப் போடுகிறார்கள். லண்டன் ஹீத்ரோவில் ஓடுபாதைக்கு 4 மைல் இருக்கும்வரை 160 நாட்டில் வா என்பது வழக்கமான கட்டளை.

மேற்கண்ட பத்தியை மட்டும் படித்திருந்தாலே போதும். ஆய்வேட்டில் அதைக் கடைசியில் வைப்பதே முறை என்பதால் வைத்தேன்.

நேற்றிரவு இவ்வாய்வாளர் 215 நாட்டில் ஓடுபாதையைத் தொட்டு, அது முடிந்த பிறகும் புல்லில் வெகுதூரம் ஆய்வைத் தொடர்ந்தார். கால் ஊன்றியபடியே இருந்தது. வாசகர்களே, பத்து மைல் முன்னதாகவே தொடங்குங்கள்.