புழு படிக்கப் போற பேராண்டிக்கு

பேராண்டி, கம்பஸ்ல மொத வருசமே நூற்புழுவப் பத்தி ஒரு பாடமாமே. உங்கம்மா "மகன் சயன்ஸ் படிக்கிறான்"னு தெருமுனைக் கடை வரைக்கும் சொல்லிட்டு வந்துட்டா. என்ன சயன்ஸ்னு கேட்டா மட்டும் பேச்ச மாத்திருறா. வயித்துப் பூச்சிக்கு மருந்து எழுதப் போற புள்ளன்னு நெனச்சிருந்தா. நீ என்னடான்னா பூச்சிக்கே கணக்குப் புள்ளயாப் போற.

எனக்குக் கவலையில்ல. பேலியகொடையில குடியிருந்துக்கிட்டு புழுவப் படிக்காதவன்தான் மடையன். ஒரு பக்கம் மீன் சந்தை, இன்னொரு பக்கம் 2020ல புறக்கோட்டையில இருந்து பேர்ந்து வந்த மெனிங் மார்க்கட், பின்னால களனி கங்கை, நடுவுல கான் தண்ணி. ஆனா படிப்பு உன்னோடதான் இங்க வந்து எறங்குச்சுன்னு நெனச்சிராத. 1875லயே இந்தப் பேலியகொடையில பிக்குமார் வித்யாலங்கார பிரிவெனாவ ஆரம்பிச்சுட்டாங்க. அதுதான் 1959ல பல்கலைக்கழகமாகி, இன்னைக்குக் களனிப் பல்கலைக்கழகமா நிக்குது.

நீ மேசைமேல விட்டுட்டுப் போன டியூட்ட, கண்ணாடியப் போட்டு நான்தான் வாசிச்சேன். நீ வாசிச்ச மாதிரித் தெரியல, மடிப்புக் கலையல. மொதப் பக்கத்துலயே சீனோராப்டிட்டிஸ் எலிகன்ஸ்னு ஒண்ணு. நீளம் ஒரு மில்லிமீட்டர். ஆணும் பொண்ணும் ஒரே உடம்புல இருக்கிற வகைக்கு இனப்பெருக்கச் செல்லு போக 959 செல்லு, அதுல நரம்புச் செல்லு 302. ஒண்ணு விடாம எண்ணி வச்சிருக்கானுங்க. அந்தப் புழுவ வச்சே 2002, 2006, 2008, 2024னு நாலு வருசம் நோபல் பரிசு வாங்கியிருக்கானுங்க. 2003ல கொலம்பியா விண்கலம் ஒடஞ்சு சிதறினப்ப, அதுல போன புழு உசிரோட தரையில கெடந்துச்சாம். உன் மண்டையில நரம்பு கோடிக்கணக்குல இருக்குன்னு சொல்றாங்க. ஏலெவல்ல அதுல எத்தன வேலைக்கு வந்துச்சுன்னு நான் கேக்கப் போறதில்ல.

ஆனா அது பாக்டீரியாவத் தின்னுட்டு அழுகினதுக்குள்ள கெடக்கிற அப்பாவி. கெட்டிக்காரனப் பாக்கணும்னா வேர்முடிச்சுப் புழுவப் பாரு. குஞ்சா இருக்கையில வேர் நுனிக்குள்ள நொழையும். நல்ல எடமாப் பாத்து உக்காந்து, சுத்தியிருக்கிற சில செல்லுங்கள ஊத வைக்கும். அப்புறம் அந்தச் செல்லுங்கதான் அதுக்குச் சமையக்கட்டு. பொட்டை, பேரிக்கா மாதிரி உருண்டு, நகரக்கூட முடியாம உக்காந்த எடத்துலயே நூத்துக்கணக்குல முட்டை போடும். செடியச் சாக மட்டும் லேசுல விடாது. கொமிஷன் மொதலாளி வெவசாயிய வச்சிருக்கிற மாதிரிதான்: அடுத்த போகத்துக்கு அவன் உசிரோட வேணுமே! லெக்சர்ல இத "ஒட்டுண்ணி வாழ்க்கை"ன்னு சொல்லுவாங்க. நீ கைதூக்கி மார்க்கட் கதையச் சொல்லிராத, மார்க்கக் கொறச்சிருவாங்க.

நாம வந்த மலைநாட்டுப் பக்கமும் பாடம் இருக்கு. தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்துல இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையத்துல லூஸ்னு ஒருத்தர் இருந்தாரு. தேயிலை வேரத் தின்னு செடிய மஞ்சளாக்கிக் குட்டையாக்குற புழுவ ஆராய்ஞ்சவரு. 1960ல லூஃப்ங்கிற ஒல்லாந்துக்காரரு அந்தப் புழுவுக்கு பிராட்டிலெங்கஸ் லூசைன்னு லூஸ் பேரையே வச்சாரு. ஆராய்ச்சிக்கு மண்ண யாரோ ஒருத்தன் மண்வெட்டி புடிச்சுத் தோண்டித்தானே குடுத்திருப்பான்? அவன் பேர்ல ஒரு புழுகூட இல்ல. செடியப் புடுங்கின எடத்துல உடனே தேயிலை வைக்காம, ஒண்ணர ரெண்டு வருசம் மானாப்புல்லு வளத்து மண்ண ஆற விடுறதுக்கு இந்தப் புழுவும் ஒரு காரணம். பரீட்சையில வந்தா உங்க பாட்டிகிட்ட கேளு, புல்லு நட்டவ அவதான்.

கொக்கிப்புழுவ இன்னும் கவனமாப் படி, அது நம்ம குடும்பச் சரித்திரம். 1916ல அமெரிக்காக்காரன் ரொக்கபெல்லர் நிதியத்து ஆளுங்க இங்க தோட்டங்களுக்கு வந்து கொக்கிப்புழுவுக்கு மருந்து குடுத்தாங்க. கீனோபோடியம் எண்ணெய்யாம், குடிச்சவன் மூஞ்சியப் பாத்தாலே புழு ஓடிப் போயிருக்கும். ஆனா அந்தப் புழு பெரும்பாலும் வாய் வழியா வர்றதில்லையே. கழிச்ச மண்ணுல குஞ்சு பொரிச்சு, வெறுங்கால்ல மிதிக்கிறவன் தோல் வழியா ஏறுது. காலுக்குச் செருப்பும் லயத்துக்கு கக்கூஸும் இருந்திருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும். கக்கூஸ்னா தொரைக்குச் செலவு, எண்ணெய்யின்னா கூலிக்குக் கசப்பு. எது மொதல்ல வந்திருக்கும்னு நீயே சொல்லு. மருந்து குடிச்சவன் மறுநாளே அதே மண்ணுல எறங்கினான்.

அப்புறம் யானைக்கால். இந்தக் கான்ல பொறக்கிற க்யூலெக்ஸ் கொசு சுமக்கிறது. பேன்கிராப்ட்டின்னு பேரு வச்ச அந்தப் புழுவோட குஞ்சு, பகல்ல உள்ளுறுப்புல பதுங்கிக் கெடந்துட்டு நடுராத்திரியிலதான் தோலுக்குப் பக்கத்து ரத்தத்துக்கு வரும். மெனிங் மார்க்கட்டுக்கு மரக்கறி லொறி வர்ற நேரந்தான் அதுக்கும். அதனாலதான் விரல்ல குத்தி ரத்தம் எடுக்கிறவங்க ராத்திரியில வருவாங்க. நம்ம பயலுக கடன்காரன்னு நெனச்சு ஒளிஞ்சுக்குவானுங்க. 2016ல உலக சுகாதார நிறுவனம் இலங்கையில யானைக்கால் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையா இல்லன்னு சான்று குடுத்துச்சு. கொசுவுக்கு யாரும் சான்று காட்டல, அது இன்னும் வேலைக்கு வந்துக்கிட்டுதான் இருக்கு. 1877ல சீனாவுல மேன்சன்ங்கிற டாக்டர், கொசு ஒடம்புல இந்தக் குஞ்சு வளருதான்னு பாக்க, நோயிருந்த தன் வேலைக்காரரக் கொசுவுக்கு நடுவுல படுக்க வச்சாரு. உன் புரொபசர் தன்னார்வலர் வேணும்னு கேட்டா, தெரியாத மாதிரி சன்னலப் பாரு.

மீன்ல இருக்கிற அனிசாகிஸுக்குப் பெருசா படிக்க வேண்டியதில்ல. கொடல்ல சுருண்டு கெடக்கும், நல்லாக் கொதிச்ச கொழம்புல செத்துரும். பச்ச மீன் சாப்பிடுறவனுக்குத்தான் வயித்துல குத்தும். கூட்டாளிங்களோட சுஷி திங்கப் போனா, "பாடத்துக்காக"ன்னு வீட்டுல சொல்லிக்கோ.

ஒரே ஒரு வேலைய மட்டும் கையால செய்யப் பழகு. புனல் கால்ல ரப்பர் குழாய மாட்டி கிளிப்பு போட்டு, தண்ணிய நெறச்சு, மேல வலையில டிஷ்யு தாள விரிச்சு, ஒரு கைப்பிடி மண்ணப் போட்டு, ராத்திரி அப்படியே விட்டுரணும். புழு நெளிஞ்சு நெளிஞ்சு கீழ எறங்கி, காலையில குழாய் அடியில வந்து நிக்கும். ஜாவாவுல இருந்த பேர்மன் 1917ல சொன்ன வழி, இன்னைக்கும் நடக்குது. நீ ராத்திரி ஃபோனப் பாக்கிற நேரத்துல அது தானா வேல செஞ்சிரும், உனக்குத் தோதான சோதனை.

வேர்முடிச்சுக் காட்ட கரட் கொண்டு வரச் சொன்னா மார்க்கட்டுக்கு நானே வாறேன். ரெண்டு கால் பிரிஞ்சதெல்லாம் புழு தின்னதில்ல, கல்லு தடுத்தாலும் கால் பிரியும். சல்லி வேர்ல மணி மணியா முடிச்சு இருக்கணும். நுவரெலியாவுல கழுவித்தான் அனுப்புறான், அதனால மண்ண அதுல தேடாத. முக்கியமா, எதுக்குன்னு கடைக்காரன்கிட்ட வாயத் தொறந்திராத. கம்பஸ்ல கேக்கிறாங்கன்னு தெரிஞ்சா, ஒதுக்கிப் போட்ட குவியலுக்கும் கிலோ வெல சொல்லிருவான்.