பக்கத்து வீட்டுக்குத் தெரியாத கடவுச்சொல்

நடுத்தரக் குடும்பங்களின் சிக்கனத் திட்டங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை செலவை நிறுத்துவது. இரண்டாம் வகை செலவின் பெயரை மாற்றுவது. கேபிள் இணைப்பைத் துண்டித்துவிட்டு அந்தப் பணத்தில் வைஃபை வைத்துக்கொள்ளும் திட்டம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதில் குடும்பத் தலைவர்களிடையே கருத்து வேறுபாடு நிலவக்கூடும். குடும்பத் தலைவிகளிடையே அத்தகைய வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. இத்திட்டம் நெய்வேலி நகரியத்தில் எவ்வாறு நடைமுறைக்கு வந்தது, அதனுடன் வீட்டுக்குள் நுழைந்த கடவுச்சொல் என்னும் புதிய பொறுப்பு அங்குள்ள அக்கம்பக்க உறவை எவ்வாறு சோதித்தது என்பவையே இங்கு ஆய்வுக்குரியவை.

ஊரின் இயல்பை அறியாமல் இப்பொருளுக்குள் இறங்க முடியாது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் பணியாளர்களுக்காக எழுந்த நகரியம் 'வட்டம்' என்னும் பகுதிகளாக வகுக்கப்பட்டு, ஒரே வகைக் குவார்ட்டர்ஸுகள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டு, பள்ளியும் மருத்துவமனையும் குடிநீரும் நிறுவனத்தின் பொறுப்பிலேயே அமைந்த ஊராகும். எதிர்வீட்டுக்காரர் அதே சுரங்கத்தில் அடுத்த ஷிப்டில் இருப்பார். அவர் வீட்டுச் சமையலறை இன்ன இடத்தில்தான் இருக்கும் என்பதை உள்ளே போகாமலே சொல்லிவிடலாம். தோட்டத்து மாங்காயும் கறிவேப்பிலையும் சுற்றுச்சுவரைத் தாண்டிக் கைமாறுவது இங்கே அன்றாட நடைமுறை என்பதால், சுவரைத் தாண்டி வரும் வைஃபை அலையையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுவதை யாரும் குற்றமாகக் கருதுவதில்லை. தென்மாநிலங்களுக்கெல்லாம் மின்சாரம் அனுப்பும் ஊரில், பத்தடி தள்ளியிருக்கும் வீட்டுக்கு இணையம் போவதைத் தடுப்பது அற்பத்தனமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இனி, செலவின் வரலாறு. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007-இல் தொடங்கப்பட்டு, சில ஆண்டுகள் ஓசையின்றிக் கிடந்து, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தோடு மறுபிறவி எடுத்தது. அந்த எழுபது ரூபாய், மாதத்தின் முதல் வாரத்தில் கேபிள்காரர் வாசலில் நின்று குரல் கொடுத்ததும் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும் தொகையாக இருந்தவரை, அதைக் குறைப்பது பற்றி எவரும் சிந்திக்கவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய், அதாவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறைதான் சிந்தனையைத் தூண்டியது. அதன்படி அப்போது 100 சேனல்கள் வரை அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாயாக இருந்தது. 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 153 ரூபாய் 40 காசு. 25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011-லேயே செல்லாமற்போய்விட்ட நாட்டில், இந்த 40 காசை எந்த நாணயத்தால் கொடுப்பது என்னும் கேள்விக்கு ஆணையின் எந்தப் பிரிவிலும் விடை இல்லை. கேபிள்காரர் 155 என்று முழுமையாக்கி அதைத் தீர்த்து வைத்தார்.

விரும்பிய சேனலுக்கு மட்டும் பணம் கொடுக்கலாம் என்பது புதிய முறையின் உயர்ந்த நோக்கம். தொகுப்பில் சேர்க்கப்படும் கட்டணச் சேனல் ஒன்றின் விலை 19 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டப்பட்டதும், முன்னணிச் சேனல்கள் பல மிகுந்த ஒழுக்கத்துடன் சரியாக 19 ரூபாயில் வந்து நின்றன. பாட்டிக்கு நெடுந்தொடர், தாத்தாவுக்குத் திருத்தலக் காட்சிகள், குடும்பத் தலைவருக்குக் கிரிக்கெட், பிள்ளைகளுக்குக் கார்ட்டூன், குடும்பத் தலைவிக்குப் பழைய பாடல்கள் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப் பார்த்தால், தேர்ந்தெடுக்காமல் மொத்தமாக வாங்கும் தொகுப்பே மலிவு என்பது புலப்பட்டது. தேர்வுச் சுதந்திரம் விலை கூடியது என்னும் அரசியல் தத்துவத்தை இவ்வளவு எளிதாக விளக்கிய ஆவணம் வேறு இல்லை.

ஆகவே கேபிள் வெட்டப்பட்டது. ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழை வழியே வரும் இணைய இணைப்பு வாங்கப்பட்டது. வீட்டுக்குள் வரும் இணைப்பைக் கம்பியில்லா அலையாக மாற்றி அறைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் கருவிக்கு ரூட்டர் என்று பெயர். அது டிவி ஸ்டாண்டின் மேல், பொம்மைகளுக்கு நடுவே, தூசி படியாமலிருக்கப் பூவேலை செய்த துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும். அதன் அடிப்புறத்து ஸ்டிக்கரில், அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் தொழிற்சாலையிலிருந்தே அச்சாகி வரும்; பல பழைய கருவிகளில் இரண்டும் 'அட்மின்' என்றே இருக்கும். தொழில் நகரமாகிய நெய்வேலியில் ஆயுத பூஜை சிரத்தையுடன் நடைபெறுவதால், ஸ்கூட்டருக்கும் மிக்சிக்கும் சாத்திய பின் மிஞ்சும் சந்தனம் ரூட்டருக்கும் உண்டு. ஒரு வீட்டில் அந்தச் சந்தனப் பொட்டு ஸ்டிக்கரிலிருந்த கடவுச்சொல்லின் மீதே விழுந்து அதை மறைத்துவிட்டது. அவ்வாண்டு அக்கருவிக்குச் செய்யப்பட்ட ஒரே பாதுகாப்பு ஏற்பாடு அதுதான்.

இது சிரித்துவிட்டுப் போகும் செய்தியன்று. 2016-இல் மிராய் என்னும் தீநிரல் உலகெங்கும் உள்ள ரூட்டர்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும் பிடித்துக்கொண்டது. அதற்கு அது பயன்படுத்திய ஆயுதம், தொழிற்சாலை வைத்தபடியே மாற்றப்படாதிருந்த சுமார் அறுபது பெயர்–கடவுச்சொல் இணைகளின் பட்டியல் மட்டுமே. அவ்வாறு பிடிபட்ட கருவிகள் அவ்வாண்டு அக்டோபரில் ஒன்றுசேர்ந்து தாக்கியதில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே சில மணி நேரம் தள்ளாடின. பூவேலைத் துணிக்குள் இருக்கும் கருவிக்கும் இத்தகைய படைச்சேவை வாய்க்கக்கூடும் என்பதை அதன் உரிமையாளர் அறிவதில்லை.

அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல் ஒன்று. வைஃபையில் சேர்வதற்கான கடவுச்சொல் மற்றொன்று. பின்னதைக் குறைந்தது எட்டு எழுத்தாக வைக்க வேண்டும் என்பது விதி. எட்டு என்றதும் நெய்வேலிக் குடும்பம் நாடுவது மூன்று ஊற்றுகளை: பிறந்த தேதி, குலதெய்வத்தின் பெயரோடு 123, குவார்ட்டர்ஸ் எண்ணோடு வட்டத்தின் எண். மூன்றாவது வகையின் தனிச்சிறப்பு, அது வீட்டின் முகப்பிலேயே பெயின்டால் பெரிதாக எழுதப்பட்டிருப்பதாகும். பிறந்த தேதியின் வலிமையைக் கணக்கிடுவதும் எளிது. எட்டு இலக்கங்களால் 10 கோடி எண்கள் அமையும் என்றாலும், நூறாண்டுகளில் உள்ள நாட்கள் ஏறத்தாழ 36,525 மட்டுமே. அவற்றுள் எது என்று அறிய விரும்புபவர், பிள்ளையின் பிறந்த நாளன்று தெருவுக்கே கொடுக்கப்பட்ட சாக்லேட்டை நினைவுகூர்ந்தால் போதும்.

கடவுச்சொல்லை வரிசையாக ஊகித்துப் பார்க்கும் முறை நெய்வேலி மக்களுக்கு விளங்காத ஒன்றன்று. சுரங்கத்தில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் எப்படி எந்தத் தந்திரமும் இல்லாமல், இரவு பகல் பாராமல், மேல்மண்ணை வாரி வாரி ஒதுக்கி நிலக்கரியைத் தொடுகிறதோ, அப்படியே கணினியும் ஒவ்வொரு சொல்லாக வாரிப் பார்த்து உண்மையான சொல்லைத் தொடுகிறது. இன்று வீடுகளில் பரவலாக உள்ள டபிள்யூபிஏ-2 என்னும் பூட்டு 2004 முதல் புழக்கத்தில் இருப்பது. கைபேசி ஒன்று ரூட்டருடன் சேரும் தருணத்தில் நடக்கும் மறையுரையாடலை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்துகொள்பவர், பிறகு தம் வீட்டில் அமர்ந்து ஆற அமர ஊகிக்கலாம். தப்பான முயற்சிகளை எண்ணிப் பார்த்துக் கதவை மூடும் வாய்ப்பு ரூட்டருக்குக் கிடைப்பதே இல்லை. 2018-இல் வந்த டபிள்யூபிஏ-3 இந்த வசதியைப் பறித்துவிட்டது. பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ சேர உதவும் டபிள்யூபிஎஸ் என்னும் சலுகை வழியோ இன்னும் பரிதாபமானது. அந்த எண்ணை ரூட்டர் இரு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்தே கிடைத்துவிடுவதாலும், 10 கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 போதும் என்பது 2011-லேயே வெளிப்பட்டது. அந்தச் சலுகை வழியை அணைத்து வைப்பதே அறிவுடைமை.

வலிமையான கடவுச்சொல் என்றால் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த கூட்டாஞ்சோறு என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. அவ்வாறு ஒன்றை அமைத்த வீடுகளில் அடுத்த நாளே அது ஒரு துண்டுத் தாளில் எழுதப்பட்டுத் தினசரி காலண்டரின் அட்டையில் ஒட்டப்பட்டது. ராகுகாலம் பார்க்க வருபவர் அனைவரும் அதையும் பார்த்துச் சென்றனர். அமெரிக்காவின் தேசியத் தரநிலைக் கழகம் 2017-இல் தன் பழைய அறிவுரையைத் திருத்தி, குறிகளை வலிந்து திணிப்பதைவிட நீளமே முக்கியம் என்றும், காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றும் கூறியது. இரண்டாயிரம் எளிய சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் நான்கை எடுத்து அடுக்கினால் 16 லட்சம் கோடி வாய்ப்புகள் கிடைக்கின்றன. எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளைக் கண்டபடி அடுக்கினாலும் கிடைப்பது 20,882 கோடி மட்டுமே. குடை, பம்பரம், சுண்டல், ரயில் என்று தொடர்பற்ற சொற்கள் வந்தால் பாட்டிக்கும் மறக்காது. ஆனால் குலுக்கலைக் குடும்பத்தினர் நம்புவதில்லை. கலந்து பேசி அவர்கள் தேர்ந்தெடுக்கும் நான்கு சொற்கள் முருகன், வள்ளி, தெய்வானை, வேல் என்றே அமைந்துவிடுகின்றன.

கணிதம் இவ்வளவும் துணை நின்றாலும், நெய்வேலியில் கடவுச்சொல் உடைக்கப்படுவதில்லை, கேட்டு வாங்கப்படுகிறது. "அங்கிள், எங்க வீட்டு நெட் போயிடுச்சு, ஆன்லைன் கிளாஸ் இருக்கு" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சீருடையோடு வாசலில் வந்து நிற்கும்போது, 16 லட்சம் கோடியும் ஒரே நொடியில் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றன. கல்விக்கு மறுப்பவர் என்ற பெயரை எந்தக் குடும்பத் தலைவரும் ஏற்கத் துணியார். ஆன்லைன் வகுப்புகள் முடிந்து பள்ளிகள் திறந்த பின்னும், தோட்டத்துப் பலாமரத்தடியில், அலை நன்றாக எட்டும் அந்த ஓரிடத்தில், மாலை வேளைகளில் அதே பிள்ளை நண்பர்களுடன் நின்று கல்வியைத் தொடர்வதைக் காணலாம். அண்மைக்காலக் கைபேசிகளோ கடவுச்சொல்லைக் கட்டம் கட்டமான கியூஆர் படமாகக் காட்டிப் பகிரும் வசதி கொண்டவை என்பதால், அச்சொல் இன்னதென்று தெரியாதவரும் அதைப் பிறருக்கு வழங்கிப் புண்ணியம் தேடிக்கொள்ள முடிகிறது.

இந்தத் தாராளத்துக்கு ஓர் எல்லை தேவை என்பதற்கு நாட்டில் நடந்த சான்று உண்டு. 2008 ஜூலை 26-இல் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒருவரின் பூட்டப்படாத வைஃபை வழியே அனுப்பப்பட்டிருந்தது. அவருக்கு அதில் தொடர்பில்லை என்று தெளிவாகும் முன், விசாரணை வந்து நின்றது அவர் வீட்டு வாசலில்தான். வெளியுலகுக்குத் தெரிவது இணைப்பின் முகவரி. இணைப்பு எவர் பெயரில் இருக்கிறதோ அவரே முதலில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

மறுக்கவும் முடியாது, திறந்துவிடவும் கூடாது என்னும் இந்த இக்கட்டுக்கு ரூட்டரிலேயே தீர்வு இருக்கிறது. விருந்தினர் வலையமைப்பு எனப்படும் அவ்வசதி, அதே இணைப்பிலிருந்து வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் கொண்ட இரண்டாவது வைஃபையை உருவாக்கித் தருகிறது. அதில் சேர்பவருக்கு இணையம் கிடைக்கும்; வீட்டாரின் கணினியும் கேமராவும் தொலைக்காட்சியும் கண்ணில் படா. வேண்டாதபோது அணைக்கலாம், பல கருவிகளில் வேகத்துக்கும் வரம்பு வைக்கலாம். எனினும் இணைப்பின் முகவரி இங்கும் வீட்டாருடையதே என்பதால், தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்து, கோடை விடுமுறைக்கு வந்த உறவினர் ஊர் திரும்பிய கையோடு அதன் கடவுச்சொல்லை மாற்றிவிடுவது நல்லது. முதன்மைக் கடவுச்சொல்லை ஒருவருக்கும் சொல்லாமலே, கேட்டவருக்கெல்லாம் சொன்ன பெருமையும் வீட்டாருக்குக் கிடைக்கிறது.

சிக்கனக் கணக்கு மட்டும் எஞ்சுகிறது. கேபிளை வெட்டியதால் அடிப்படைக் கட்டணத்தில் மட்டும் ஆண்டுக்கு 1,860 ரூபாய் மிச்சம். அது ஃபைபர் கட்டணத்திலும், கிரிக்கெட்டுக்கு ஒன்று, நெடுந்தொடருக்கு ஒன்று என வாங்கிய ஓடிடி சந்தாக்களிலும் கரைந்து, அதற்கு மேலும் சற்றுக் கேட்கிறது. பாதுகாப்புக் கணக்கோ தேறியிருக்கிறது. விருந்தினர் வலையமைப்புக்கு வேக வரம்பு வைக்கப்பட்ட மூன்றாம் நாள் பலாமரத்தடியிலிருந்து வந்த குரல் அதற்குச் சான்று: "அங்கிள், ரெண்டு நாளா நெட் ரொம்ப ஸ்லோ. மாசா மாசம் பணம் கட்டுறீங்கல்ல, கம்பெனிக்குப் போன் போட்டு நல்லாக் கேளுங்க!"