விதியா, மதியா?

வாசகர், பல்லடம்: எல்லாம் விதிப்படி என்றால் முயற்சி எதற்கு? கடவுள் உண்டா, இல்லையா?

பதில்: உங்கள் ஊர் கறிக்கோழிப் பண்ணையாளரைக் கேளுங்கள். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி தருபவை. கொட்டகையும் கண்விழிப்பும் அவருடையவை. வளர்ப்புக் கூலி இரண்டையும் பொறுத்தது. எல்லாம் முழுக்க நியதியே, அதாவது விதியே, என்ற ஆசீவக சமயத்து மற்கலி கோசாலர்கூட, நடப்பது நடக்கட்டும் என்று சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் போதித்தார்!

கடவுள் விஷயத்துக்கும் கோழிதான். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1912-ல் வெளியிட்ட தத்துவ நூலில், தினமும் தீவனம் போட்டவரே கடைசியில் கோழியின் கழுத்தைத் திருகுகிறார். ஆகவே, தீவனம் விழுகிறதே என்று ‘கருணைக் கடவுள்’ பட்டம் கொடுத்துவிடாதீர்கள். கண்ணில் படவில்லை என்று ‘இல்லை’ எனவும் அடித்துச் சொல்லாதீர்கள். பல்லடத்தில் உட்கார்ந்து தன் விலையை நிர்ணயிக்கிறவர்களை எந்தக் கோழி பார்த்திருக்கிறது?