தலைக்கணக்கு

சென்னையை ஒட்டிய படப்பையில் சுகாதார விதிகளே கிடையாது என்று புலம்புகிறவர்கள், அங்கே ஒரு லைன் வீட்டு வாசலிலும் நின்று பார்க்காதவர்கள். கேட்டைத் தாண்டியதுமே சுவரில் விதிகள் தொடங்கிவிடும். இரவு பத்து மணிக்கு மேல் மோட்டார் போடக் கூடாது. குளிக்க ஆளுக்கு இரண்டு பக்கெட். கக்கூஸில் ஷாம்பு பாக்கெட் போடக் கூடாது. விருந்தாளி வந்தால் சொல்ல வேண்டும். தங்கினால் காசு கொடுக்க வேண்டும். சட்டம் இயற்றுவதும் அமல்படுத்துவதும் தண்டம் வசூலிப்பதும் ஒரே ஆள்: ஹவுஸ் ஓனர். இந்த மூன்று அதிகாரமும் ஒரே கையில் சேரக் கூடாது என்று எழுதிய பிரெஞ்சுக்காரர் மொந்தெஸ்கியூ, பாவம், வண்டலூர்–வாலாஜாபாத் சாலைப் பக்கம் வந்ததில்லை. ஆகவே ஓனரை விதிகளின் எதிரி என்று சொல்வது தப்பு. விதி என்பது குடியிருப்பவனுக்கு, வாடகை என்பது தனக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டவர் அவர். தலையை எண்ணவும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வரவுக்கு மட்டும்தான் எண்ணுவார்.

அவர் பிறவி வியாபாரி அல்ல. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. பின்னாலேயே டெய்ம்லர் வந்தது, ராயல் என்ஃபீல்டு வந்தது. வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. ஆளுக்குப் படுக்க இடம் தேவைப்பட்டது. நெல் நட்ட நிலத்தில் ஓனர் அறை நட்டார். வரிசை பிடித்து, இடைவெளி விடாமல், சிமென்ட் ஷீட் போட்டு. விவசாயத்தில் அடர்த்தியாக நட்டால் விளைச்சல் குறையும்; இதில் கூடியது. நாலு பேர் படுக்கும் அறையில் பகல் ஷிப்ட் நாலு பேர், இரவு ஷிப்ட் நாலு பேர் என்றால் அது இருபோகம். வாடகை அறைக்கு அல்ல, தலைக்கு இவ்வளவு. 2016-லிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் மின்சாரம் இலவசம். அதை வாங்கும்போது அவர் குடும்பஸ்தர். அதே கரண்டை யூனிட்டுக்கு இவ்வளவு என்று பசங்களிடம் வசூலிக்கும்போது தொழிலதிபர். ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தால் மழையை நம்பி வாழும் ஏழை விவசாயி. வேஷம் மாற்ற அவருக்குத் துண்டு ஒன்று போதும்.

இந்தத் தலைக்கணக்கு ஓரிடத்தில் மட்டும் திடீரென்று மறந்துபோகும்: பின்கட்டில், சிமென்ட் மூடிக்குக் கீழே. கழிவுநீர்த் தொட்டிக்கென்றே இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது, ஐ.எஸ். 2470 என்று. அதில் தொட்டியின் அளவு அறைகளைப் பார்த்து வருவதில்லை, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பார்த்து வருகிறது. காரணம் எளிது. கழிவு தொட்டிக்குள் ஒரு நாளாவது நின்றால்தான் கசடு அடியில் தங்கும், தெளிந்த நீர் மேலே வெளியேறும். ஐந்து பேர் குடும்பத்துக்கு வெட்டிய தொட்டியில் முப்பது பேரின் கழிவு சில மணி நேரம்தான் தங்கும். உள்ளே போனது போனபடியே வெளியே வரும். முறையாகக் கட்டிய தொட்டியையே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். நம் ஓனருக்கு இரண்டு லாரிகள் தெரியும். தண்ணீர் லாரி வந்தால் எழுந்து நின்று வரவேற்பார். செப்டிக் டேங்க் லாரி வந்தால் பக்கத்து வீட்டுக்கு வந்ததாக நினைத்துக்கொள்வார். தொட்டி தானே வழிந்து தானே வடிவதை இயற்கையின் கருணை என்றுகூட நம்புகிறார்.

கருணைதான், ஆனால் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. மணிமங்கலம், ஒரத்தூர் வட்டாரத்து ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில்தான் சேர்கிறது. அந்த வகையில் லைன் வீட்டு வாய்க்காலுக்கும் சென்னையில் அடையாற்றங்கரை போட் கிளப் பங்களாக்களுக்கும் தூரத்து உறவு உண்டு. பத்திரிகை அடித்துக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். சிரிக்க முடியாத பக்கமும் இருக்கிறது. லாரியை மிச்சம் பிடிக்க ஆளை இறக்கும் வழக்கத்தை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபரில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு தனியார் விடுதியின் தொட்டியில் மூன்று பேர் மூச்சடைத்து இறந்தார்கள்.

“அவர் அறை கொடுக்காவிட்டால் இந்தப் பசங்க எங்கே போவாங்க?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆலைகளைக் கூவி அழைத்த அரசும், ஆளை எடுத்த கம்பெனிகளும் படுக்கையைப் பற்றி யோசிக்காத நாளில் யோசித்தவர் ஓனர்தான். 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கத்து விடுதியில் உணவு நஞ்சாகி, ஸ்ரீபெரும்புதூர் ஆலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகே அந்த யோசனை மேலிடத்துக்கும் வேகமாக வந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல காரியம், ஆனால் ஒடிசாவிலிருந்து வந்து படப்பையில் படுத்திருக்கும் பையனுக்கு அதில் இடமில்லை. ஆகவே ஓனரை ஒழிக்கச் சொல்லவில்லை. வாடகைக்கு எண்ணும் அதே தலைகளைத் தொட்டிக்கும் எண்ணச் சொன்னால் போதும். அப்போது வாடகை ஏறிவிடுமாம். நாலு மாதத்துக்கு ஒரு தரம் லாரி வரட்டும், அந்தச் செலவை முப்பது தலைக்கும் வகுக்கட்டும்: ஆளுக்கு மாதம் இரண்டு மூன்று டீக்காசு. ஷாம்பு பாக்கெட்டுக்கு அவர் போடும் அபராதம் இதைவிட அதிகம்.

சட்டம் இல்லையென்றும் சொல்ல முடியாது. 1939-ம் ஆண்டு சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. அளவுக்கு மீறி ஆள் அடைத்த வீடு, கேடு விளைவிக்கும் கழிவுக்குழி, சுகாதாரத்துக்குக் கேடாக வைத்திருக்கும் பிராணி, இந்த மூன்றையும் அது ஒரே பட்டியலில் ‘தொல்லை’ என்கிறது. ஓனர் வீட்டில் மூன்றும் உண்டு. ஓனரம்மா பின்கட்டில் பத்து நாட்டுக்கோழி வைத்திருக்கிறார். புறக்கடைக் கோழி வளர்ப்புக்கென்று அரசே குஞ்சு கொடுத்து ஊக்குவிக்கும் நாட்டில் அதைக் குற்றமென்று சொல்ல மனம் வருவதில்லை. கூண்டு சுத்தமாக இருந்து, எச்சம் கிணற்றுப் பக்கம் போகாமல் இருந்தால் மூன்றில் நிரபராதி கோழிதான். ஆனால் புகார் போவதெல்லாம் கோழி மேல்தான். தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது, தலைகள் ஷிப்டுக்குப் போயிருக்கின்றன, விடியற்காலையில் கூவுவது சேவல் மட்டும். எனவே சுகாதார ஆய்வாளர் வருகிறார், கூண்டைப் பார்க்கிறார், நோட்டீஸ் என்கிறார். ஓனர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “நாளைக்கே அப்புறப்படுத்திடறேன் சார்” என்கிறார். சொன்ன சொல் தவறாதவர். மறுநாள் குழம்பு கொதிக்கிறது, கோப்பு முடிகிறது, இறகும் குடலும் பின்கட்டுத் தொட்டிக்குள் போகின்றன.