தாத்தா, எனக்கு மான்செஸ்டர் வேணும்!

பேரன் ஆசைப்பட்டுக் கேட்டால் எந்தத் தாத்தாவுக்கும் மனம் இளகும். மியன்மாரை ஆண்ட மூத்த தளபதி தான் ஷ்வேவுக்கும் இளகியிருக்கிறது. பேரன் கேட்டது மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்பை. விலை 100 கோடி டாலர். யாங்கோனில் இருந்த அமெரிக்கத் தூதரகம் 2009 ஜூனில் வாஷிங்டனுக்கு அனுப்பிய ரகசியத் தந்தியில் இந்த வீட்டு விவகாரமும் ஏறிவிட்டது. மறுவருடம் விக்கிலீக்ஸ் அதை உலகத்துக்கே வாசித்துக் காட்டியது.

மியன்மார் பர்மாவாகவும் யாங்கோன் ரங்கூனாகவும் இருந்த காலத்தில் பாதி மான்செஸ்டர் காசில்லாமலே அங்கே வந்து போனது என்று அந்தத் தாத்தாவுக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை போலிருக்கிறது. ஞாபகப்படுத்துகிற தைரியம் யாருக்கு இருந்திருக்கும்?

பர்மியர்களின் சொந்தப் பந்தாட்டம் சின்லோன். வட்டமாக நின்று பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் காலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரணி கிடையாது, கோல் கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது. இப்படி நிம்மதியாக இருந்த ஜனங்களுக்கு எதிரணி என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியவர் ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்காட். ரங்கூன் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் வாத்தியார், ஸ்காட்லாந்துக்காரர். 1870களின் கடைசியில் பையன்களிடம் தோல் பந்தைக் கொடுத்தார். பிறகு ‘ஷ்வே யோ’ என்று பர்மியப் பெயர் வைத்துக்கொண்டு பர்மியர்களைப் பற்றியே தடித்த புத்தகம் ஒன்றும் எழுதினார்.

வெள்ளைக்காரனைத் தெருவில் தள்ளிவிட்டால் ஜெயில். மைதானத்தில் தள்ளிவிட்டால் வெறும் ஃபவுல். ரங்கூன் இந்தக் கணக்கைச் சீக்கிரமே போட்டுவிட்டது. 1920களில் பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல், மௌல்மீனில் ஒரு பர்மியர் தன் காலை வாரிவிட்டதையும், நடுவரான இன்னொரு பர்மியர் சமர்த்தாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டதையும் கட்டுரையில் புலம்பியிருக்கிறார். சுதந்திரப் போராட்டம் பல வடிவம் எடுக்கும்.

சுதந்திரம் வந்ததும் ஒரு கூத்து. 1950 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆசியப் பிரிவிலிருந்து பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிக்கொண்டன. பந்தையே தொடாமல் இந்தியா தகுதி பெற்றது. அப்படித் தகுதி பெற்ற இந்தியாவும் பிரேசில் போகவில்லை.

1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். வங்கிகள் அரசுடைமை, கடைகள் அரசுடைமை. 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது. ரங்கூன் மொகல் தெருக் கடைகளைப் பறிகொடுத்துக் கப்பலேறிய நம்மவர்கள் சென்னையில் பர்மா பஜாரும் அத்தோ கடையும் போட்டார்கள். ரங்கூனில் அரிசிக்கும் வரிசை, எண்ணெய்க்கும் வரிசை. வரிசையில்லாமல் வந்தது பதக்கம் மட்டும்தான். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஈரானை 1–0 என்று வீழ்த்தித் தங்கம். 1968 ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம். 1970இல் மறுபடி பாங்காக், மறுபடி தங்கம். இந்தத் தடவை தென் கொரியாவோடு பங்கு. 1965 முதல் 1973 வரை தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டில் தொடர்ந்து ஐந்து தங்கம்.

இந்த வீரர்களுக்கு ஒப்பந்தம், ஏஜென்ட், ஷூ விளம்பரம் ஒன்றும் கிடையாது. பந்தாட்டம் அங்கே தொழிலே இல்லை. ராணுவத்திலோ அரசுத் துறையிலோ உத்தியோகம், மாதச் சம்பளம், அந்தத் துறையின் பெயரில் அணி. இந்த ஏற்பாடு 2009 வரை நீடித்தது. பின்னாளைய யாங்கோன் லீக்கில் பட்டங்களை அள்ளியது நிதி–வருவாய்த் துறை அணி. வரிக்காரர்கள் கையில் போனது திரும்பி வருமா என்ன?

அந்தப் பாதி மான்செஸ்டர் வந்தது 1972இல். பெயர் பெர்ட் ட்ராட்மன். ஜெர்மானியர், ஹிட்லரின் பாராசூட் படைவீரர், இங்கிலாந்தில் போர்க் கைதி. அந்த ஊரின் இன்னொரு கிளப்பான மான்செஸ்டர் சிட்டி 1949இல் அவரைக் கோல்கீப்பராகச் சேர்த்தபோது ஊரே ஊர்வலம் போய் எதிர்த்தது. 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் பர்மிங்காம் சிட்டி வீரர் ஒருவரோடு மோதியதில் கழுத்தெலும்பு முறிந்தும் கடைசி விசில் வரை கோலைக் காத்தார். எலும்பு முறிந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது சில நாள் கழித்துத்தான். ஹிட்லரையும் கழுத்து முறிவையும் தாண்டி வந்தவரை மேற்கு ஜெர்மனி தன் செலவில் பயிற்சியாளராக அனுப்பிவைத்தது, நே வின்னின் ரங்கூனுக்கு!

அதே வருடம் மியூனிக் ஒலிம்பிக்கில் பர்மா ஆடியது. வெண்கலம் வாங்கிய சோவியத் அணியிடம் 0–1, மெக்சிகோவிடம் 0–1, சூடானை 2–0. நன்னடத்தைக்கான பரிசையும் அடக்கமாக வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியது. ஆர்வெல்லுக்குத் தெரிந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

பிறகு இறங்குமுகம். 1987இல் நே வின் 25, 35, 75 கியாத் நோட்டுகளைச் செல்லாதென்று அறிவித்து, 45, 90 என்று புது நோட்டு அடித்தார். ஒன்பது அவருக்கு ராசி எண்ணாம். கால்பந்தாட்டத்தில் 45 நிமிடம் அரைநேரம், 90 நிமிடம் முழுநேரம். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, மறுவருடமே ஜனங்கள் வீதியில் இறங்கி அவர் ஆட்டத்துக்கு விசில் ஊதினார்கள்.

அவருடைய பாசறையில் வளர்ந்தவர்தான் நம் தாத்தா. பேரன் கேட்டது 2008 மே நர்கிஸ் புயலில் லட்சத்துக்கும் மேல் ஜனங்கள் செத்து அதிக நாள் ஆகாத நேரம். இந்தச் சமயத்தில் கிளப் வாங்கினால் பார்க்க நன்றாக இருக்காது என்று தளபதிக்குப் பட்டதாகத் தந்தி சொல்கிறது. அவருக்குக் கூச்சம் வந்த மிகச் சில தருணங்களில் இது ஒன்று. மாற்று ஏற்பாடாக, ஆளுக்கொரு அணி நடத்தும்படி தொழிலதிபர்களுக்கு உத்தரவு போனது. அமெரிக்கக் கால்பந்தில் ‘லைன்மேன்’ என்று ஓர் உத்தியோகம் உண்டு. பெரும்பாலும் பந்தைத் தொடாமல், பின்னால் நிற்கும் முக்கியஸ்தருக்காக அடி வாங்குவதே வேலை. மியன்மார் முதலாளிகளுக்கு அந்த உத்தியோகம்தான் கிடைத்தது. என்ன, கட்டுமானக் காண்டிராக்டும் ரத்தினச் சுரங்கமும் கைம்மாறாக வரும் என்ற பேச்சு காயத்துக்கு மருந்தாக இருந்தது.

2009 மே மாதம் மியன்மார் தேசிய லீக் தொடங்கியது. பந்தாட்டக்காரன் முதன்முறையாகத் தொழில்முறை ஆட்டக்காரன் ஆனான். அணிகளில் ஒன்றின் பெயர் யாங்கோன் யுனைடெட். ஆக, யுனைடெட் வந்துவிட்டது. மான்செஸ்டர் மட்டும் பாக்கி.

பணம் வந்தது, பழைய நன்னடத்தை வரவில்லை. 2011 ஜூலையில் யாங்கோனில் நடந்த உலகக் கோப்பைத் தகுதியாட்டத்தில், ஓமன் முன்னிலையில் இருக்கும்போது ரசிகர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் வீச, ஆட்டம் பாதியில் நின்றது. ஃபிஃபா 2018 உலகக் கோப்பைக்கே தடை போட்டு, மேல்முறையீட்டுக்குப் பிறகு தளர்த்தியது.

2012 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் பங்குகள் நியூயார்க் சந்தைக்கு வந்தன. பங்கு ஒன்று 14 டாலர். பேரன் மூன்றே வருடம் பொறுத்திருந்தால் தாத்தாவின் சட்டைப்பையிலிருந்த சில்லறையிலேயே காரியம் முடிந்திருக்கும்.